அப்பாவுக்கும் பூனைக்கும் ஒரு பை

அம்மா இறந்த பிறகு அப்பா கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு, எங்களோடு இருக்க வந்தார். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில், துணி கட்டிய காய்கறிக் கூடைக்குள், அம்மா வளர்த்த சாம்பல் நிறப் பூனை.

நாங்கள் ஏரிக்குக் கீழே போட்ட ஒரு லேஅவுட்டில், தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அதற்கு முந்தைய வருஷ மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, மகளைத் தூக்கிக்கொண்டு உடுத்திய துணியோடு ஓடியிருந்தோம். அதனால் அந்த வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்பே என் கணவர் ஒரு பெரிய ரெக்சின் பையை வாங்கிவந்து நடு அறையில் வைத்தார். டார்ச், மெழுகுவர்த்தி, சான்றிதழ்கள், மகளுக்கு ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று.

“மாமா, உங்க மருந்தெல்லாம் ரெண்டு செட்டா வாங்கிடலாம். ஒண்ணு அலமாரியில, ஒண்ணு பையில இருக்கட்டும்,” என்றார்.

அப்பா தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி முனைக்கு ரசாயன மருந்து கலக்கிய மனுஷர். மூச்சிளைப்பு அவரை விட்டதே இல்லை. மாத்திரை, இன்ஹேலர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்துவிட்டுக் கேட்டார்:

“பூனைக்கு என்ன எடுத்து வைக்கப் போறீக மாப்ள?”

“அது தானா எங்கனா ஏறிக்கும் மாமா.”

“அதும் நம்ம வீட்டு ஆளுதான. ஒங்க அத்த தன் கையால சோறு வச்சு வளத்தது.”

மறுநாள் கணவர் கருவாட்டுப் பொடிக்கு ஒரு டப்பாவும் மூடி போட்ட கூடையும் வாங்கிவந்தார்.

பூனை கூடைக்குள் போக மறுத்தது. அப்பா தன் அழுக்கு பனியனை அதற்குள் விரித்து, தினமும் சோற்றை உள்ளே வைத்தார். முதலில் தலையை மட்டும் நீட்டித் தின்றது. பிறகு முன்கால். ஒருநாள் உள்ளேயே சுருண்டு தூங்கிவிட்டது. மகள் கை தட்டப் போனாள். அப்பா உதட்டில் விரல் வைத்தார்.

“இப்பமே பழகிட்டாள்னா நாளைக்கு மிரள மாட்டா.”

பெருமழை பிடித்தது. ஒரு காலையில் குளியலறையில் தண்ணீர் போகும் ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து வந்தது. மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அக்கா, படியில் நின்று கத்தினார்: “ஏரி நிரம்பி கோடி போகுதாம்! மேல வந்துடுங்க. பெரியவர முதல்ல ஏத்துங்க!”

யாரும் பதறவில்லை. கணவர் பையைத் தோளில் போட்டார். பூனை தானாகவே கூடைக்குள் போய் உட்கார்ந்தது. மாடியில் போய் உட்கார்ந்ததும் அப்பாவுக்கு அவ்வளவு பெருமை.

“பாத்தியா தாயி, ஒரு சத்தம் போட்டாளா?”

அவர் சிரித்து நான் பார்த்தது அத்தோடு சரி. ஈரக்காற்றில் மதியத்துக்குள் அவருக்கு இளைப்பு கூடியது. இன்ஹேலர் அடித்தோம். கரண்ட் இல்லை, அக்கா தன் இன்வெர்ட்டரில் அப்பாவின் ஆவி பிடிக்கும் மெஷினைப் போட்டுக்கொடுத்தார். அதற்கும் அடங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. தெருவில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த டிராக்டரில் அவரை உட்கார வைத்து, கணவர் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போகும்வரை அப்பா என் கையை விடவில்லை. பேச வரவில்லை.

சில நாட்கள் கழித்து அங்கேயே இறந்தார். “ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரல்மா. நீங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிருக்கீங்க,” என்றார் டாக்டர். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் எல்லாம் செய்தும் போய்விட்டாரே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவருக்கு உடுத்த நல்ல துணி தேடியபோது கீழே பீரோ முழுக்கச் சேறு. கணவர் பையைத் திறந்தார். அடியில், அப்பாவே மடித்து வைத்த வேட்டியும் துண்டும் துளி ஈரமில்லாமல் இருந்தன. அவற்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, “மாமா, இதுக்கா மடிச்சு வெச்சீங்க,” என்று உடைந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. ஓசூரிலேயே எரித்தோம்.

பூனை கூடையை விட்டு வெளியே வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் இரண்டு வாய் தின்னும். அந்தப் பனியனை எடுத்துத் துவைக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் பூனையும் அப்படியே பல மதியங்கள் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு மேட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு மாறினோம். மழைக்காலம் வந்ததும் கணவர் பையை எடுத்துத் தூசி தட்டினார். “தாத்தா மருந்து வாங்கலையாம்மா?” என்று கேட்டுவிட்டு, மகளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பூனை இப்போது என் கணவரின் காலடியில் தூங்குகிறது. அது எழும்வரை அவர் காலை அசைப்பதில்லை.