டைரியில் வாங்கிய சம்மதம்

எங்கள் தெருவில் என் பள்ளிக்கூடத்தைத் தவிர ஏழு வீடுகள் இருக்கின்றன. பள்ளியைப் பெரிதாக்க ஆட்சேபணை இல்லை என்று ஏழு வீட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். பெரிதாக்கவே கூடாது என்று இன்னொரு காகிதத்திலும் அதே ஏழு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரம்கூட இல்லை. இதில் எது நிஜமான கையெழுத்து என்று ஒரு வருஷமாக யோசிக்கிறேன். தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதவும் எனக்கு வராது.

திண்டிவனத்தில் பாண்டிச்சேரி சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு நகரில் இருக்கிறோம். நகர் என்று பலகையில்தான் இருக்கிறது. ஆறு தெரு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். வேறொரு பள்ளியில் ஒன்பது வருஷம் டீச்சராக இருந்தேன். அங்கே சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பதினொரு பிள்ளைகளோடு இதை ஆரம்பித்தேன். இப்போது எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கீழே நடக்கிறது. மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். வேன் ஓட்டுவது அவர், கத்துவது நான்.

என்னைக் கோபக்காரி என்பார்கள். சரிதான். ஆனால் என்னிடம் ஐந்தாவது முடித்த பிள்ளை தமிழானாலும் இங்கிலீஷானாலும் திக்காமல் படிக்கும். அதற்காகத்தான் என் வாயைப் பொறுத்துக்கொண்டு அனுப்புகிறார்கள்.

ஐந்தாவது முடிந்ததும் எல்லாரும் பெரிய பள்ளிகளின் மஞ்சள் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். அக்கா போனால் தம்பியும் அதே பஸ்ஸில் போவான். இப்படிப் போய்ப் போய், போன வருஷம் எல்.கே.ஜி.யில் பாதி பெஞ்சு காலி. இன்னும் இரண்டு வருஷம் இப்படிப் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் ஐந்தாம் வகுப்பு அம்மாக்கள் கேட்டில் என்னை மறித்தார்கள். முன்னால் நின்றது எதிர்வீட்டுப் பெண்.

"ஆறாவது ஆரம்பிங்க மேடம். இவ பஸ்ல போனா வாந்தி எடுப்பா. கேட்டத் தொறந்தா எதிர்ல ஸ்கூலு, இத வுட்டுட்டு எங்க அனுப்பறது?"

"ஜூன்ல ஆறாவது உண்டு" என்று சொல்லிவிட்டேன். மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். பத்தொன்பது அம்மாக்களுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று.

பள்ளிக்குப் பக்கத்து மனை எங்களுடையது. வாங்கி எட்டு வருஷம். வேலிகூடப் போடவில்லை. அதில் மூன்று அறை கட்டலாம் என்று வரைபடம் போட்டுக்கொண்டு விழுப்புரத்தில் கல்வி ஆபீஸுக்குப் போனேன். குடியிருப்புப் பகுதி என்பதால் சுற்றி இருக்கிற வீட்டுக்காரர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். நியாயம்தான். ஏழு வீட்டுப் படி ஏறி வாங்கியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு.

எங்கள் தெருவில் என்னிடம் படிக்கிற பிள்ளையோ பேரப்பிள்ளையோ இல்லாத வீடு கிடையாது. எதற்கு ஏறி இறங்க வேண்டும்? டூருக்கு அனுப்பச் சம்மதம் என்று சீட்டு அச்சடிக்கிற அதே கடையில், அதே ரோஸ் கலர் தாளில், அதே அளவில் இதையும் அச்சடித்து, ஏழு வீட்டுப் பிள்ளைகளின் டைரியில் ஒட்டி அனுப்பினேன். கீழே "பெற்றோர் கையொப்பம்" என்று கோடு போட்டிருந்தது. மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் ஏழும் வந்து சேர்ந்துவிட்டன. நான் பெருமையோடு கையெழுத்தை மட்டும் பார்த்தேன். கிழித்துக் கவரில் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை அந்தக் கவரோடு விழுப்புரம் பஸ் ஏறினேன். பஸ்ஸில் எதிர்வீட்டுப் பெண், முனை வீட்டு ரிட்டயர்டு லைன்மேன், இன்னும் இரண்டு வீட்டுப் பெண்கள். என்னைப் பார்த்ததும் லைன்மேன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"எங்க, கும்பலா கெளம்பிட்டீங்க?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு மேடம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"நாலு பேருமா?"

"ஒருத்தருக்கு ஒருத்தர் துணைக்குத்தான்" என்றார் லைன்மேன்.

அவித்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, மடியிலிருந்து எடுத்து எனக்கும் கொடுத்தார்கள். தின்றுகொண்டே போனோம். கட்டடம் எப்போது கட்டுகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். கேட்டதற்கு மற்றவள் அவள் காலை மிதித்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் இறங்கின நிறுத்தத்திலேயே அவர்களும் இறங்கினார்கள். "ஆஸ்பத்திரி இங்க இல்ல, இன்னும் தள்ளிப் போவணும்" என்று நான் அவர்களுக்கு வழி சொன்னேன். "நடந்தே போய்க்கிறோம் மேடம்" என்றார்கள். அன்று கலெக்டர் ஆபீஸில் மனு நாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்போதும் ஆஸ்பத்திரி என்றே நம்பினேன்.

பத்து நாள் கழித்து விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். மனையின் ஓரத்தில் வேப்பமர நிழலில் நின்றுகொண்டு என் கவரையும், அதே திங்கட்கிழமை இவர்கள் கலெக்டரிடம் கொடுத்திருந்த மனுவையும் பிரித்தார். தெருவே வந்து நின்றது. பள்ளியில் பிள்ளைகளின் சத்தம், வேன் வழியை மறிக்கிறது, கட்டினால் தூசி என்று மனுவில் இருந்தது. என் கவரிலிருந்து ஒரு ரோஸ் சீட்டை எடுத்து அவர் சத்தமாகப் படித்தார்.

"'பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு. டூருக்கு அனுப்ப முடியாது. மன்னிக்கவும்.' மேடம், இதுதான் உங்க சம்மதக் கடுதாசியா?"

கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் படிக்கவே இல்லை. அவர்களும் படிக்கவில்லை. தெரு முழுக்கச் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

லைன்மேன் முன்னால் வந்தார். "வூடு என் பேர்ல இருக்குது சார். கையெழுத்து எம் மருமவ போட்டது. ஸ்கூல் டைரின்னு நீட்டினா அவ எதுலயும் போடுவா. வூட்ட எழுதிக் குடுன்னாலும் போட்டுருப்பா."

"படிக்காமயா போடுவீங்க?" என்றார் அதிகாரி, எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்து.

"ஸ்கூல்லருந்து வந்த பேப்பரு சார். போடலன்னா மறுநாளு புள்ளய வெளிய நிக்க வெச்சுடுவாங்க. நின்னுக்கினு படிக்கறது யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. அது என் சட்டம். டைரியில் கையெழுத்து இல்லாவிட்டால் முதல் பீரியட் வெளியே. பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தப் பயத்தில் போட்ட கையெழுத்தைத்தான் நான் சம்மதம் என்று கவரில் போட்டு விழுப்புரம் வரை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

நேரில் கேட்டுப் புதிதாக எழுதி வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். ஏப்ரல் முடியப் போகிறது.

"நீ போனா சண்டையிலதான் முடியும். நான் போயி கேக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏமாத்தி வாங்கினது நான்தான? நானே போறேன்."

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"ஆறாவது வேணும்னு கேட்டது நீதான?"

"ஆமா மேடம்."

"கட்டடம் வேணாம்னு எழுதிக் குடுத்ததும் நீதான?"

"நான் மட்டுமா மேடம், எல்லாருந்தான்."

"உனக்கு இன்னாதாண்டி வேணும்?"

"ஆறாவது வேணும் மேடம்."

"கட்டடம் இல்லாம ஆகாசத்துலயா நடத்தறது?"

"அது எனக்கு எப்படி மேடம் தெரியும்? நீங்கதான் படிச்சவங்க."

அவள் கிண்டல் செய்கிறாளா, நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. "சத்தம்னு எழுதியிருக்கியே, இத்தன வருஷமா இல்லாத சத்தமா?" என்று கேட்டேன். அவள் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே கட்டிலில் அவள் மாமனார் படுத்திருந்தார். என் கையைப் பிடித்து கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமனாரு படுத்து மூணு மாசம் ஆவுது. நாளைக்கே ஒண்ணுன்னா சொந்தக்காரங்க வந்து எங்க நிப்பாங்க? பந்தல் எங்க போடறது? கருமாதிக்கு அடுப்பு எங்க வெக்கறது? தெருவுல ரெண்டு சேர் போட்டா வேன் போவாது."

"அதுக்கு?"

"உங்க மனைதான மேடம். இந்தத் தெருவுல நல்லது கெட்டது எல்லாம் அங்கதான் நடக்குது. அடுத்த தைக்கு லைன்மேன் வூட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம். எல்லாருக்கும் அதேதான் பேஜாரு."

"இத மனுவுல எழுதறதுக்கு இன்னா கேடு? சத்தம், தூசின்னு எதுக்குப் பொய்யி?"

"எப்படி மேடம் எழுதறது? மாமனாரு செத்தா பந்தல் போட எடம் வேணும்னா? அவுரு உசுரோட இருக்கும்போதேயா? மெதுவாப் பேசுங்க, காதுல வுழப் போவுது."

அந்த மனையில் எத்தனை தடவை நானே இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, இரண்டு கருமாதி. யாரும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை. நானும் கூடாது என்றதில்லை. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். வேலி போடச் சோம்பல், அவ்வளவுதான். என் மனையில் இவர்கள் விசேஷம் செய்துகொள்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவின் இடம் என் பேரில் இருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பத்திரம் என்னிடம் இருக்கிறது. ஆனாலும் அன்று திரும்பி நடக்கும்போது, நான்தான் ஏதோ அபகரிக்க வந்தவள் மாதிரி இருந்தது. அதை நினைக்க இன்னும் கோபம் வந்தது.

"கையெழுத்து கெடச்சுதா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல."

"இன்னா சொன்னா?"

"மாமனாரு சாவறதுக்கு எடம் வேணுமாம்."

"ஐயையோ."

"சாவறதுக்கு இல்ல. சாவக் கூடாதுதான். எனக்கே புரியல, வுடுங்க."

மற்ற ஆறு வீட்டுக்கு நான் போகவில்லை. போய் என்ன கேட்பது? இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவர் விளையாட்டாகச் சொன்னார். "ஆறாவதுக்கு எடம் வேணும்னா நம்மளதான் மொதல்ல காலி பண்ணணும்." நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து டேப் எடுத்து மாடி ஹாலை அளந்தேன். படி வெளியில் இருக்கிறது. பக்கத்து அறையையும் சேர்த்தால் முப்பது பிள்ளைகள் உட்காரலாம். அவர் கையில் சோற்றோடு நின்றுகொண்டு, "தமாஷுக்குச் சொன்னேம்மா" என்றார்.

ஆறாவது எங்கள் மாடியிலேயே, புதிதாகக் கட்டுவதில்லை என்பதால் தெருவில் யாரிடமும் எழுதி வாங்கச் சொல்லவில்லை. இருக்கிற கட்டடத்துக்குச் சான்றிதழ்கள் கேட்டார்கள். அதற்கே விழுப்புரத்துக்கு இன்னும் ஐந்து தடவை அலைந்தேன். ஜூனுக்குள் அனுமதி வந்துவிட்டது. பத்தொன்பது பேரில் பதினாலு பேர் சேர்ந்தார்கள். லைன்மேன் பேரன் மஞ்சள் பஸ்ஸில் போய்விட்டான். அவருக்காகத்தானே மனையை விட்டேன் என்று அவர் வீட்டு வாசலில் போய்க் கத்த நினைத்தேன். உண்மையில் அவருக்காக விட்டேனா, எனக்கு வேறு வழியில்லாமல் விட்டேனா? அதுவும் சரியாகத் தெரியவில்லை. கத்தாமல் வந்துவிட்டேன்.

எங்களுக்கு வீடு தேடி அலைந்ததில் பக்கத்தில் எதுவும் அமையவில்லை. எதிர்வீட்டுப் பெண்தான் கூப்பிட்டாள். "எங்க மேல் போர்ஷன் சும்மாதான இருக்குது, வாங்க மேடம்." எனக்கு எதிராக மனு கொடுத்தவள் வீட்டில் இப்போது நான் வாடகைக்கு இருக்கிறேன். அவள் மகள் என் பழைய ஹாலில் உட்கார்ந்து ஆறாவது படிக்கிறாள். மாமனார் மழைக்காலம் முடிந்ததும் தேறி எழுந்துவிட்டார். காலையில் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, வேனை எப்படித் திருப்ப வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மனையில் மல்லாட்டை காய்கிறது. கையெழுத்தில்லாத பிள்ளையை வெளியே நிற்க வைக்கிற சட்டத்தை நான் இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் ஒருவரும் டைரியைத் திறக்க மாட்டார்கள். எடுக்காவிட்டால் திறந்தும் படிக்க மாட்டார்கள். என்ன செய்வது என்று தெரியாமல்தான் வைத்திருக்கிறேன்.

போன மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. ஜன்னலோரம் படுத்திருந்தேன். ஒன்பது மணிக்கு மைக்கில் பிரேயர் ஆரம்பித்தது. பிறகு எல்.கே.ஜி. அழுகை. அதற்கு மேல் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு. அதற்கு மேல் பெஞ்சு இழுக்கிற சத்தம். அதற்கும் மேல் என் டீச்சர்கள், நான் கத்துகிற மாதிரியே கத்துகிறார்கள். மத்தியானத்துக்குள் தலை வெடித்துவிடும் போல ஆகிவிட்டது. மனுவில் எழுதியிருந்தது பொய் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

கீழிருந்து கஞ்சி கொண்டு வந்த வீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டு, "சத்தத்துல தூக்கம் வரலியா மேடம்?" என்றாள்.

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கீழே போனாள். சாத்தின பிறகும் கேட்டது.