மலை தெளிவாக இருந்த சாயங்காலம்

ஐப்பசியில் அந்தச் செய்தி அநேகமாகத் தினமும் போனில் வரும். அடுத்த மூன்று மணி நேரத்தில் தென்காசி மாவட்டத்தில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு. பல நாள் எங்கள் தெருவில் ஒரு தூறல்கூட விழாது. அதனால் ஊரில் எல்லோரும் செய்வதையே நானும் செய்வேன்: மொட்டை மாடிக்குப் போய் மேற்கே குற்றால மலையைப் பார்ப்பேன். மலை தெரிந்தால் பயமில்லை. மூடியிருந்தால் குடை.

அன்று செய்தி வந்தபோது மகள் ஸ்கூட்டரில் கிழக்கே சுரண்டைக்குக் கிளம்பி நின்றாள். தோழி வீட்டில் பரீட்சைக்குப் படிக்க.

"யப்பா, மெசேஜ் வந்துருக்கு. போகவா, வேண்டாமா?"

மாடியிலிருந்து பார்த்தேன். மலையில் பாறைகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

"அது வரத்தான் செய்யும். மலை பளிச்சுன்னு இருக்கு, போயிட்டு வா."

ஆனி ஆடிச் சாரல் மேகம்தான் மலையைத் தாண்டி வரும். ஐப்பசி இடிமழைக்கு அந்த வழி வேண்டாம், கிழக்கேயும் திரளும். படித்தவன், எனக்குத் தெரியும். ஆனாலும் கிழக்கே திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து யாருடைய போனிலிருந்தோ பேசினாள். சாலையோரப் பனையில் மின்னல் விழுந்திருக்கிறது. இவள் வண்டியோடு வயலில் சரிந்திருக்கிறாள். அழவில்லை. "யப்பா, நீங்க பேசுதது கேக்கல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். காது சரியாகப் பத்து நாளாயிற்று.

என்னோடு கல்லூரியில் படித்தவன் ஒருவன் வானிலை கணிக்கும் வேலையில் இருக்கிறான். அவனிடம் கோபமாகத்தான் பேசினேன்.

"எந்தப் பக்கம் வருதுன்னு போட்டா என்னலே?"

"ஏலே, மேகம் எவ்வளவு உசரம் வளந்துருக்கு, எங்க நகருதுன்னு ராடார்ல பாத்துதான் போடுதோம். ஒரு மேகம் ஒரு மணி நேரம்கூட நிக்காது. அது கரையுததுக்குள்ள பக்கத்துல இன்னொண்ணு முளைக்கும். அதான் மூணு மணி நேரம், மாவட்டம் முழுக்க. எந்தத் தெருன்னு யாரு சொல்ல? நாங்க இங்க கண்ணு பூக்கப் பாத்து அனுப்புதோம், நீ மாடில நின்னு எங்களுக்கு மார்க்கு போடுத."

சிரித்தான். நான் போனை வைத்துவிட்டேன். எச்சரிக்கை சரியாகத்தான் வந்தது. அவளும் படித்துவிட்டுத்தான் கேட்டாள்.

இப்போதெல்லாம் செய்தி வந்தால் வண்டிச் சாவியை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நேற்றும் வந்தது. மூன்று மணி நேரம் இருவரும் வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுடைய வகுப்பு போயிற்று.

"ஒரு சொட்டு விழலியே யப்பா."

"தெரியும்ட்டி."

சாவியைக் கொடுக்க எழுந்தேன். போனில் அடுத்த செய்தி வந்தது. மறுபடியும் உட்கார்ந்தேன்.