உதடு படாத குழாய்

வெள்ளை அட்டையில் செய்த குழாய் அது, விரல் நீளம். ஒரு முனையைச் சிறிய கருவியில் பொருத்தி, மறுமுனையை வாயில் வைத்து, நெஞ்சிலுள்ள காற்றையெல்லாம் ஊதித் தள்ள வேண்டும். நுரையீரலின் வலுவைக் கருவி காட்டும். நான் தாதியாக இருந்த காலத்தில் அந்தக் குழாய்களைப் பை நிறையச் சுமந்துகொண்டு ஸ்கந்தபுரத்து ஒழுங்கைகளில் எங்கள் டொக்டருக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். ஓடத்தான் வேண்டும், அந்த அம்மாவின் நடை அப்படி.

தீவிர சிகிச்சைப் பிரிவும் நெஞ்சுநோய்ப் பிரிவும் அவர் ஒருவரின் தலையில். அவர் கதிரையில் அமர்ந்து நான் கண்டதில்லை. செயற்கைச் சுவாசத்தில் கிடப்பவர்களின் கட்டில்களைச் சுற்றிக்கொண்டே இருப்பார். இவர்களில் பலர் விறகடுப்புப் புகை குடித்த பெண்கள், முன்பே சோதித்திருந்தால் இங்கே வந்திருக்க மாட்டார்கள் என்று பொருமுவார். அதை ஆய்வில் காட்டினால் எங்கள் வைத்தியசாலைக்கு மூச்சுச் சோதனை அறையொன்று கிடைக்கும். அதற்காகத்தான் ஓய்வு நாளிலும் வீடு வீடாக அலைந்து பெண்களை ஊதவைத்தோம். முடிவுகள் அவர் பயந்ததைவிட மோசமாக வந்தன. ஆய்வுக் கட்டுரையைக் கொழும்பில் வாசிக்க நாளும் குறித்தாயிற்று.

முடிவைச் சொல்லப் போன கடைசி வீட்டில் தண்ணீர் தந்தார்கள். எங்களுக்குப் பிறகு அதே செம்பை வீட்டுப் பெண்கள் வாங்கி, அண்ணாந்து, உதடு படாமல் குடித்தார்கள். டொக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், இவை ஒருத்தரும் குழாயில வாயை இறுக்கி வைக்கேல்ல" என்றார் என்னிடம்.

கையால் வாயை மறைத்துக்கொண்டு அவர்கள் ஊதியதை வெட்கமென்று நினைத்திருந்தோம். அடுத்தவர் எச்சிலென்று கூசி, பட்டும் படாமலும் ஊதியிருக்கிறார்கள். காற்று பக்கத்தால் போய்விட்டது. ஆளுக்கொரு புதுக் குழாய் என்பது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு யார் சொன்னது? வீடு வீடாகத் திரும்பிப் போய், குழாயின் உறையைக் கண்முன்னே கிழித்து எல்லோரையும் மறுபடி ஊதவைத்தோம். பெரும்பாலானவர்களின் நெஞ்சு நன்றாகவே இருந்தது.

அவர் கொழும்புக்குப் போகவில்லை. நெஞ்சில் நோய், வருத்தமென்று நாங்கள் பயமுறுத்திய வீடுகளுக்கெல்லாம் போய், இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அறையும் வரவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்த அறை இருந்தால் எத்தனை சனம் தப்பும் என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

"ஓம் மிஸ், தப்பும்தான். ஆனா இல்லாத வருத்தத்தைக் காட்டி எப்பிடி வாங்கிறது?" என்றவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் மாற்றலாகிப் போய் நெடுங்காலம். இப்போது எனக்கே இளைப்பு. அந்த அறை இல்லாததால் மூச்சைச் சோதிக்க யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் வழி நெடுக மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டே போனேன். அங்கே தட்டில் திறந்து கிடந்த வெள்ளைக் குழாயொன்றைத் தாதி எடுத்து நீட்டினாள். ஊதினேன். அளவு மிகக் குறைவாக இருந்தது. அவள் கருவியைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்தாள்.

"அம்மா, அது புதுசுதான். வாயை இறுக்கி மூடி ஊதுங்கோ."

அத்தனை பேரை ஊதவைத்த நானும் கூசித்தான் ஊதியிருக்கிறேன். எங்கள் ஊரில் அறை இல்லாதது இன்னும் சுடத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தக் குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்தபோது, பஸ்ஸில் தொடங்கிய சண்டையை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, நெஞ்சிலுள்ள காற்றையெல்லாம் ஊதித் தள்ளினேன்.