எல்லாப் பாட்டும் ஒரே கேசட்டில்

போன வாரம் மழைக்காக சூலியா தெருவில் ஒரு கடைக்குள் ஒதுங்கினேன். முன்பு அங்கே பயணப்பை தைக்கிறவர் ஒருவர் இருந்தார். இப்போது கோப்பியும் பழைய இசைத்தட்டும் சேர்த்து விற்கிறார்கள். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் கையில் கிடைத்த தட்டு ஒன்றை எடுத்து, வாங்க வந்தவன் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண், காலேஜில் படிக்கிற வயதுதான் இருக்கும், என் கையைப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கிள், இது அந்த பேண்டோட கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்தானே? வாங்கலாமா? வொர்த்தா?"

தெரியாதவர்கள் பேசினால் எனக்குக் காது சூடாகிவிடும். ஐம்பதைத் தாண்டியும் அது மாறவில்லை. தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, வேண்டாம் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. தட்டை வைத்துவிட்டு மழையிலேயே இறங்கி நடந்தேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது நீளமானது. நின்றுகொண்டு சொல்கிற பதில் இல்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்.

அந்தக் குழுவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் என் வாயில் சரியாக வராத பெயர். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அந்த ஆறு வருடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் என்னைப் பேச வைக்க எவ்வளவோ முயன்றார், பாவம். அப்படிப்பட்ட நான் நீண்ட முடி வைத்த வெள்ளைக்காரர்களின் பாட்டை விரும்பிக் கேட்டேன் என்றால் அதற்கு ஒரே காரணம் சுந்தரம்.

எண்பதுகளின் நடுவில் கடலோரத்துக் கிடங்கு ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் மூட்டை தூக்கினோம். கிராம்பு, கொப்பரை, மரவள்ளி மாவு. அந்தக் கிராம்பு வாசனை சட்டையில் ஏறி, தலையணையில் ஏறி, கடைசியில் எங்கள் கேசட்டுகளிலும் ஏறிவிட்டது. இன்றைக்கும் பிரியாணியில் கிராம்பைக் கடித்துவிட்டால் எனக்குக் கிட்டார் சத்தம் கேட்கும். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சுந்தரம் பெரிய உடம்புக்காரன். ஆனால் கிட்டாரைத் தொடும்போது குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குவான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகினது. பாடுவதும் அவன்தான். டிரம்ஸுக்கு ஆ செங், பேஸ் கிட்டாருக்கு யூசோப். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெலுத்தோங்கில் ஆ செங்கின் மாமாவுடைய மோட்டார் பட்டறை மூடியிருக்கும். எஞ்சின் எண்ணெய் நடுவே எங்கள் கச்சேரி. எங்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். நான் ஒயர் சுருட்டுகிறவன்.

சுந்தரம் அந்தக் குழுவின் கேசட் வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. சூலியா தெருவிலேயே ஒரு சின்னக் கடை. முதலாளியை எல்லாரும் பாய் என்போம். அங்கே ஒரு வழக்கம்: எந்தக் கேசட்டையும் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாங்கலாம், ஆனால் ஆளுக்கு ஒரு பாட்டுதான். சுந்தரம் ஒரு கையில் அந்தக் குழுவின் ஓர் ஆல்பத்தையும் மறு கையில் ஹிட்ஸ் கேசட்டையும் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றான்.

"என்னா தம்பி, பொண்ணு பாக்க வந்தியா? ஹிட்ஸ எடு லா," என்றார் பாய். "நல்ல பாட்டு பூரா ஒரே கேசட்ல இருக்கு. அந்த ஆல்பத்துல பாதி பாட்டு தூக்கம் வரும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாருக்குத்தான் படாது?

அந்த ஹிட்ஸ் கேசட்டை வைத்துத்தான் எல்லாம் பழகினார்கள். ஒரு பாட்டு எப்படி முடிகிறதோ அப்படியே முடிக்க வேண்டும் என்பது சுந்தரத்தின் கண்டிப்பு. கேசட்டில் சில பாட்டுகள் சட்டென்று நிற்காமல், தூரமாகப் போகிற பஸ் மாதிரி மெல்ல மெல்லத் தேய்ந்து முடியும். அதையும் விடவில்லை. ஆம்ப்ளிஃபயர் பின்னால் நான் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இரண்டு குமிழைப் பிடித்து மெதுவாகத் திருகிக் குறைப்பேன். டிரம்ஸுக்குக் குமிழ் ஏது? ஆ செங் அடியைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் குச்சியைப் போட்டுவிட்டு விரலால் தட்டுவான். "கேசட் மாதிரியே இருக்கு மச்சான்!" என்பான் சுந்தரம். அதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்குத் தெரியாது.

இதற்கிடையில் சுந்தரத்தின் விரல்கள் கெட்டுக்கொண்டே வந்தன. சாக்கின் காதைப் பிடித்துத் தூக்கித் தூக்கி இடது கையின் மோதிர விரல் தடித்து, காலையில் மடங்க மறுத்தது. தேங்காயெண்ணெய் போட்டு நீவிக்கொண்டே ஒருநாள் சொன்னான்:

"இன்னும் கொஞ்ச நாள் மூட்டை தூக்குனா இந்தக் கை கிட்டார் கம்பிக்கு ஆவாது. அதுக்குள்ள ஓட்டல்ல ஏறிடணும் மச்சான்."

பத்து ஃபெரிங்கி என்கிற கடற்கரை ஊரின் ஓட்டல்களில் அப்போது தினமும் மாலை பேண்ட் வாசிப்பார்கள். ஒரு ஓட்டலில் ஆள் தேடுகிறார்கள் என்று யூசோப் கேள்விப்பட்டு வந்தான். ஒரு ஞாயிறு பிற்பகல், பட்டறை லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம். மேனேஜர் யாழ்ப்பாணத் தமிழர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். நாங்கள் வாசிக்க வாசிக்க அவர் கால் தாளம் போட்டது. மூன்று பாட்டு முடிந்ததும் அவரே கேட்டார்.

"அவங்கட அந்த நீளமான பாட்டுத் தெரியுமோ, தம்பி? எனக்கு உயிர் அது."

சுந்தரம் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். கேசட்டின் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு. எங்களுடைய நல்ல பாட்டே அதுதான்.

அன்றைக்குப் போல அவன் ஒருநாளும் பாடியதில்லை. நீச்சல் குளத்துப் பக்கமிருந்து இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் துண்டோடு வந்து நின்று கேட்டார்கள். தேயும் இடம் வந்தது. நான் குமிழைத் திருக ஆரம்பித்தேன். மேனேஜர் முன்னால் சாய்ந்து, 'வரட்டும், வரட்டும்' என்பது போலக் கையை அசைத்தார். நம் வேலையை ரசிக்கிறார் என்று நினைத்து இன்னும் மெதுவாக, இன்னும் அழகாகத் திருகினேன். ஆ செங் விரலால் தட்டினான். அதுவும் நின்றது. அவர் அப்படியே சாய்ந்தபடி காத்திருந்தார்.

"ஏன் நிப்பாட்டிப் போட்டீர்?"

"முடிஞ்சிருச்சு சார்."

"முடிஞ்சுதோ? இனித்தானே கிட்டார் சோலோ வரும். அந்தப் பாட்டே அதுக்காகத்தானே, ஐயா!"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார், கேலியாக இல்லை.

"ஹிட்ஸ் கேசட்டில பழகினனீங்களோ? அதில வெட்டிப் போட்டுத்தான் குடுப்பாங்கள். முழுப் பாட்டையும் கேளும். ஒரு மாசம் பொறுக்கிறன். அந்த சோலோவை வந்து வாசியும், இடம் உமக்குத்தான்."

மறுநாளே பாயிடம் போய் அந்த ஆல்பத்தை வாங்கினோம். நாங்கள் இரண்டு பேரும் தங்கியிருந்த அறையில் போட்டோம். நான் குமிழைத் திருகுகிற அதே இடத்தில், இந்தக் கேசட்டில் கிட்டார் ஏறியது. எப்படிச் சொல்வது? வீடு முடிந்தது என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்த இடத்துக்குப் பின்னால் பெரிய வீடே இருந்தது. ஏறி, இறங்கி, அழுது, மறுபடி ஏறியது. முடிந்ததும் சுந்தரம் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான்.

அந்த மாதம் முழுக்க வேலை விட்டு வந்ததும் வெந்நீரில் கையை ஊறப்போட்டுவிட்டு உட்காருவான். முதல் பாதி வந்தது. பிற்பாதியில், வேகம் கூடுகிற இடத்தில், மோதிர விரல் ஒவ்வொரு முறையும் பின்தங்கியது. கம்பியைத் தொடும், அதற்குள் பாட்டு போய்விட்டிருக்கும். தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிட்டாரைச் சுவரில் சாய்த்தான்.

"ரெண்டு வருசம் முன்னாடி இதக் கேட்டிருந்தா வாசிச்சிருப்பேன் லா. அப்ப விரல் இருந்துச்சு."

மேனேஜரைப் பார்க்க நாங்கள் திரும்பப் போகவில்லை. அந்த ஓட்டலில் பிலிப்பீன்ஸ்காரர்கள் வந்து வாசித்தார்கள் என்று யூசோப் சொன்னான்.

சுந்தரம் இன்னும் சில வருடம் மூட்டை தூக்கினான். சரக்கெல்லாம் பெரிய இரும்புப் பெட்டிகளில் வரத் தொடங்கியதும் எங்களுக்கு வேலை இல்லை. நான் இங்கேயே ஒரு கடையில் சேர்ந்துகொண்டேன். அவன் தாசேக் கெலுகோரில் அக்கா வீட்டுக்குப் போனான். ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது, வெட்டின பாட்டுதான். அவன் ரேடியோவை நிறுத்தவில்லை. தேயத் தொடங்கும் இடத்தில் எழுந்து, கோழிக்குத் தீனி போடுவது போல வெளியே போய் நின்றுகொண்டான். கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டதாக அவன் அக்கா மெதுவாகச் சொன்னார். தொண்ணூறுகள் முடியும் முன் அவனும் போய்விட்டான். நெஞ்சு வலி என்றார்கள்.

கிடங்கு இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. பாய் கடை எது என்று கேட்டால் எனக்கே நிச்சயமாகக் காட்டத் தெரியாது. இவையெல்லாம் போகக்கூடியவைதான், போய்விட்டன. அந்த வெள்ளைக்காரர்களின் பாட்டு மட்டும் போகவில்லை. வெட்டினதும் கிடைக்கிறது, வெட்டாததும் கிடைக்கிறது. என் மகன் கைபேசியில் தட்டினால் அவர்கள் ஒத்திகை பார்த்ததுகூட வருகிறது.

எங்கள் அறையில் இருந்த, கேசட் போடுகிற ரேடியோவில் பதிவு செய்கிற சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதை நாங்கள் அழுத்தவில்லை. அழுத்தினால் கேசட்டில் இருக்கிற நல்ல பாட்டு அழிந்துவிடும் என்று பயம்.