ஆரம்பாக்கத்திலிருந்து திருவள்ளூர்: கயலின் நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் போன வழி

என் மகள் கயலுக்குப் பதினைந்து வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். வாரம் மூன்று நாள் சிறப்பாசிரியர் சுதா மிஸ் வந்து இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறார். போன மாதம் ஒரு சனிக்கிழமை, இந்தப் பிள்ளைகளுக்கான மாவட்டப் போட்டி திருவள்ளூரில் நடந்தது. கயலுக்கு நூறு மீட்டர். வடக்குப் பக்கமிருந்து பிள்ளைகளை அழைத்துப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சாலை வழியாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும், கயலுக்குப் பஸ்ஸில் வாந்தி வரும். அதனால் ரயில். பேசின் பிரிட்ஜ் வரை ஒரு வண்டி, அங்கே மாறி திருவள்ளூருக்கு இன்னொன்று. தூரம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். ஒன்பதரைக்குள் மைதானத்தில் பெயர் பதிய வேண்டும். என் கணவருக்கு சிப்காட்டில் காலை ஷிப்ட். நாங்கள் இருவர் மட்டும் 5.25 வண்டியில் ஏறினோம். மற்ற பிள்ளைகளோடு சுதா மிஸ் முந்தின நாளே போய்விட்டார். கயலை நானில்லாமல் அனுப்ப நான்தான் ஒப்பவில்லை.

கும்மிடிப்பூண்டியிலேயே வண்டி நிரம்பிவிட்டது. கயல் ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளியில் கொடுத்த கடிதத்தை விரித்து விரித்துப் பார்த்தாள். அதில் ‘திருவள்ளூர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

பேசின் பிரிட்ஜில் இறங்கும்போது மணி ஏழு. மேம்பாலம் ஏறி அடுத்த நடைமேடைக்கு வந்தோம். 7.12க்கு ஒரு வண்டி வந்தது. அது ஆவடியோடு நின்றுவிடும், எங்களுக்கானது அதற்கடுத்து வரும் 7.25. கூட்டம் முண்டியது. என் பையின் ஜிப் பிய்ந்து கயலின் ஷூ ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது பக்கத்தில் கயல் இல்லை.

வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது பெட்டியின் வாசலில், கம்பியைப் பிடித்தபடி, அவளுடைய மஞ்சள் சட்டை தெரிந்தது. ஓடினேன். ஒருவர் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

“ஏறாத மா! உழுந்துடுவ!”

“எம் பொண்ணு சார்! உள்ள இருக்குது! அதுக்கு ஒண்ணும் தெரியாது!”

வண்டி போய்விட்டது. என் கையில் ஒற்றை ஷூ. பின்னால் ஒரு பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இந்த மாரி புள்ளைய இன்னாத்துக்குக் கூட்டிக்கினு சுத்துறாங்க?”

ரயில்வே போலீஸ்காரம்மா ஒருவர் ஓடி வந்தார். சட்டை நிறம், வயது, பெட்டி எல்லாம் கேட்டு ஆவடிக்குச் சொன்னார்.

“கழுத்துல கார்டு கீதா? நம்பர் போட்டுக்கீதா?”

“கீது மேடம்” என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அட்டையில் இருப்பது என் பழைய எண். சிம் மாற்றி ஒரு வருடம் ஆகிறது. அட்டையை மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நாளைக் கடத்திவிட்டேன். யாராவது நல்ல மனதோடு கூப்பிட்டாலும் அந்த அழைப்பு எனக்கு வராது.

7.25 வண்டியின் வாசலிலேயே நின்றேன். பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர்... ஒவ்வொரு நிலையத்திலும் தலையை நீட்டி மஞ்சள் நிறத்தைத் தேடினேன். மஞ்சள் நிறத்தில் எத்தனை பேர் உடுத்துகிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. சுதா மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். “கயல் அம்மா, அழாதீங்க. நான் இங்க ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க ஆவடில பாருங்க” என்றார். என் கணவருக்குச் சொல்ல முடியவில்லை, ஷிப்டில் போன் எடுக்க விட மாட்டார்கள். எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

ஆவடியில் 7.58க்கு இறங்கி நடைமேடை முழுக்க ஓடினேன். நான் வந்த வண்டி கிளம்பிப் போனது. அங்கிருந்த காவலர் உதட்டைப் பிதுக்கினார். “வண்டி காலியாச்சு மா. நாங்க ரெண்டு பேரும் உள்ள பாத்துட்டோம். அந்த மாரி பொண்ணு யாரும் இல்ல.”

கழிப்பறை, டிக்கெட் கவுன்டர், வெளியே ஆட்டோ ஸ்டாண்ட். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. தண்டவாளத்தின் பக்கம் பார்க்கவே பயந்தேன். அந்த அரை மணி நேரத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.

8.32க்குப் போன் அடித்தது. சுதா மிஸ். மூச்சு வாங்கியது அவருக்கு.

“கயல் அம்மா! வந்துட்டா! திருவள்ளூர்ல வந்து இறங்குறா! தனியா!”

அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஆவடியில் எல்லோரும் இறங்க, இவளும் இறங்கியிருக்கிறாள். பெஞ்சில் இருந்த ஒரு அம்மாவிடம் அந்தக் கடிதத்தை நீட்டி, விரலால் தொட்டு, “திருவள்ளூர்” என்றிருக்கிறாள். அந்த அம்மா அடுத்து வந்த வண்டியைக் காட்டி ஏறச் சொல்லியிருக்கிறார். அது நான் வந்த அதே வண்டி. நான் ஒரு பெட்டியிலிருந்து இறங்கி ஓட, என் மகள் வேறொரு பெட்டியில் ஏறிப் போயிருக்கிறாள்.

நான் மைதானம் போய்ச் சேர 9.20. நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். கயல் முதுகில் எண் குத்திக்கொண்டு, காலில் யாரோ கொடுத்த ஷூவோடு நின்றாள். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவள் என்னை விலக்கிவிட்டு முறைத்தாள்.

“இன்னா மா, லேட்டு!”

வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது எனக்கு. சுதா மிஸ் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “அவ ஓடத்தான வந்திருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

கயலின் பிரச்சினை வேகம் இல்லை. பாதியில் பக்கத்துக் கோட்டுக்குள் போய்விடுவாள், போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். இரண்டு மாதம் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழக்கியது அதற்காகத்தான். விசில் அடித்ததும் ஓடினாள். அறுபது மீட்டரில் இடது பக்கம் சாய்ந்தாள். கோட்டை மிதிக்க ஒரு சாண் இருந்தது. நான் கத்தவில்லை, கத்தினால் திரும்பிப் பார்ப்பாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். குனிந்து கோட்டைப் பார்த்தாள், தானாகவே நடுவுக்கு வந்தாள். இரண்டாவது இடம்.

முதல் இருவருக்கு மாநிலப் போட்டி. திருச்சியில் மூன்று நாள், ஆசிரியர்களோடு மட்டும். பெற்றோர் சம்மதப் படிவம் அன்றே கொடுக்க வேண்டும். காலையில் பிள்ளையைத் தொலைத்தவளிடம் மத்தியானம் அந்தத் தாளை நீட்டினார்கள்.

உணவு இடைவேளையில் கணவர் போன் எடுத்தார். ஒன்று விடாமல் சொன்னேன். “கூட இருந்து பாத்தது நீதான். நீயே சொல்லு, அனுப்பலாமா?” என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பேசின் பிரிட்ஜில் முதலில் வரும் வண்டியில் ஏறாதீர்கள், எங்கே போகிற வண்டி என்று கேட்டு ஏறுங்கள். அடையாள அட்டையில் இருக்கும் எண்ணுக்கு இன்றே ஒரு முறை போன் போட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளி அட்டையின் நகல் இரண்டு, தொப்பி, தண்ணீர் அவசியம். மைதானத்தில் நிழல் கிடையாது. போகும் ஊரின் பெயரைப் பிள்ளைக்கு எழுத்திலும் வாயிலும் பழக்குங்கள். ஆவடி பெஞ்சில் இருந்த அந்த அம்மா இதைப் படித்தால், என் கும்பிடு.

திரும்பும்போது பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் கயலின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். “கை வலிக்குது மா” என்றாள். பார்த்தேன், விரல் பதிந்து சிவந்திருந்தது. விட்டுவிட்டேன். அவள் பதக்கத்தைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் நாலு படி பின்னாலேயே இறங்கினேன்.