எஸ்தருக்காக நின்ற பஸ்

கர்த்தர் எனக்குச் செஞ்சத சபையில உங்க முன்னால சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. தப்பா சொன்னா பொறுத்துக்குங்க.

என் பேரு செல்வராணி. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பிள்ளைக் காம்பராவுல வேலை செய்றேன். கொழுந்தெடுக்கப் போற அம்மாமாரோட பிள்ளைங்கள பகல் முழுக்கப் பார்த்துக்குறதுதான் என் வேலை. எந்தப் பிள்ளை அழுதாலும் நான் தூக்கினா தோள்ல சாஞ்சிரும். கைராசிக்காரின்னு சொல்லுவாங்க.

ஆனா நான் பெத்த மக எஸ்தர் அப்படி இல்ல. தூக்கினா வில்லு மாதிரி வளைஞ்சு இறங்கிருவா. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா. மூணு வயசு முடிஞ்சும் ஒரு வார்த்தை வரல. சட்டி மூடிய தரையில சுத்தவிட்டு, அது ஆடி ஆடி விழுற வரைக்கும் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருப்பா. மூடிய எடுத்தா போதும், தலைய செவுத்துல முட்டிக்குவா. ஊரு பிள்ளைங்க எல்லாம் எங்கிட்ட ஓடி வருது, என் பிள்ளை மட்டும் வரலையேன்னு சமையல் செய்யும்போது அழுவேன். யாராவது கேட்டா வெங்காயம்னு சொல்லுவேன்.

ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பேச்சு பிந்தி வரும்னாங்க. கண்ணு பட்டிருச்சுன்னாங்க. சபையில நீங்க எல்லாரும் ஜெபிச்சீங்க. நானும் உபவாசம் இருந்தேன். என் வீட்டுக்காரர் சாமுவேல் ஃபெக்டரியில வேலை. வேலை விட்டு வந்ததும் மகளத் தோள்ல உட்கார வச்சு லயத்து வரிசை வீட்டு வாசல்ல இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பார். அங்க மட்டும்தான் அவ அமைதியா இருப்பா. அவரு கழுத்து வலிக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

போன வருஷம் சித்திரை கழிஞ்சு ஆஸ்பத்திரிக்குக் காட்டினோம். டாக்டர் அம்மா நிதானமா சொன்னாங்க. "இது ஆட்டிசம். நீங்க செஞ்ச எதனாலயும் வந்தது இல்ல. மாத்திரையால தீராது. பிள்ளையப் பழக்கணும், உங்களுக்கும் பழக்கித் தரணும். அதுக்குன்னு படிச்ச ஆட்கள் இருக்காங்க."

எங்க இருக்காங்கன்னு விசாரிச்சா எல்லாம் தூரம். கண்டியில ஓர் இடம் இருக்குன்னு கேள்விப்பட்டு, ஐப்பசி மழையில கூட்டிட்டுப் போனேன். வீட்டுக்காரருக்கு லீவு கெடைக்கல. அங்க பிள்ளைங்களுக்குப் பழக்குற சிங்களப் பொண்ணு தங்கமானவங்க. தரையில உட்கார்ந்து, ரெண்டு கையையும் நீட்டி, "என்ன, என்ன"ன்னு எஸ்தரக் கூப்பிட்டாங்க. சிங்களத்துல அதுக்கு "வாங்க"ன்னு அர்த்தம். நம்ம வீட்டுல "என்ன"ன்னா வேற இல்லையா? கொஞ்ச நேரத்துல அவங்களே நிறுத்திட்டாங்க. "இந்தப் பிள்ளைக்கு வீட்டுப் பாஷையிலதான் சொல்லிக் கொடுக்கணும் அக்கா. அதுவும் வாரா வாரம் வரணும்"னு சிங்களத்துலயே சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச சிங்களம் கடைக்கும் ஆபீசுக்கும் போதும். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கப் போதாது. வாரா வாரம் அவ்வளவு தூரம் வரவும் முடியாது. இருந்த ஒரு கதவும் மூடிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு திரும்பினேன்.

ஹட்டன்ல டயகம பஸ் ஏறினோம். நிக்கக்கூட இடமில்ல. மழைக்கு ஜன்னலெல்லாம் பூட்டியாச்சு. பாட்டு வேற அலறுது. எஸ்தர் கத்தத் தொடங்கினா. என் கையக் கடிச்சா. "பிள்ளைய அடக்கத் தெரியாதா?"ன்னு முன்னாலருந்து ஒருத்தர். "ரெண்டு போடு போட்டா சரியாயிரும்"னு இன்னொரு அம்மா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. கண்ண மூடிக்கிட்டேன். "ஆண்டவரே, என்னால இனி முடியாது. இவ சத்தத்த நிறுத்துங்க. இல்லன்னா யாரையாவது அனுப்புங்க." இவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூட சொல்லல.

தலவாக்கலை தாண்டி கொஞ்ச தூரத்துல பஸ் குலுங்கி நின்னுருச்சு. கிளச் போச்சாம். "எல்லாரும் இறங்குங்க"ன்னு கண்டக்டர் கத்துறார். எனக்கு ஆண்டவர் மேலயே கோவம் வந்திருச்சு. நான் புள்ள சத்தத்த நிறுத்தச் சொன்னா, நீங்க பஸ்ஸ நிறுத்துறீங்களே!

தூறல்ல ரோட்டோரம் இறங்கினோம். எஸ்தர் ஈர மண்ணுல படுத்துக் கத்துறா. சுத்திக் கூட்டம். அப்ப முக்காடு போட்ட ஓர் அம்மா கூட்டத்த விலக்கிட்டு வந்தாங்க. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புள்ளைக்கு சத்தம் தாங்கல"ன்னாங்க. எங்கிட்ட மெதுவா, "தங்கச்சி, தூக்காதீங்க. ஒண்ணும் பேசாதீங்க. சும்மா பக்கத்துல இருங்க"ன்னாங்க. அவங்களும் உடுப்பு நனையிறதப் பார்க்காம கீழ உட்கார்ந்தாங்க. எஸ்தரத் தொடல. குடைய அவ பக்கமா விரிச்சு, காம்பப் பிடிச்சு மெதுவா சுத்தினாங்க.

கொஞ்ச நேரத்துல அழுகை விக்கலாச்சு. அப்புறம் அதுவும் நின்னுச்சு. என் மக எழுந்து உட்கார்ந்து, குடை சுத்துறதையே பார்த்தா.

"எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"னு கேட்டேன்.

"எங்க மூத்த மகளும் இப்படித்தான். ரோட்டுல விழுந்து எத்தன தடவ பொரண்டிருக்கா! இப்ப கடையில சாமானெல்லாம் அவதான் அடுக்குறா. நான் அடுக்கினா அவளுக்குப் புடிக்காது. எல்லாத்தையும் எடுத்துட்டு திரும்ப அடுக்குவா." சொல்லிட்டு அவங்க சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்திருச்சு. எத்தன மாசத்துக்கு அப்புறம்!

அவங்க பேரு பரீதா. ஹட்டன்ல கடை வச்சிருக்காங்க. இப்ப நான் ராத்தான்னுதான் கூப்பிடுறேன். அவங்க ஆட்கள் அக்காவ அப்படித்தான் கூப்பிடுவாங்க. அன்னைக்கு ராத்தா சொன்னாங்க: "எங்க கடை மாடியில இப்பதான் ஓர் இடம் தொறந்திருக்காங்க. இந்த மாதிரிப் புள்ளைகளுக்குப் பழக்குறதுக்கு. வியாழக்கிழமை ஒரு மிஸ் வாறாங்க. நம்ம மலைநாட்டுப் புள்ளதான்."

"தமிழ்லயா?" நான் ரெண்டு தடவ கேட்டேன்.

"தமிழ்லதான் தங்கச்சி. பஸ்ஸுல நான் ஒங்களுக்குப் பின்னாலதான் இருந்தேன். கூட்டத்துல வர ஏலல. இந்தப் புள்ளைக்கு லேசாக்கு அல்லாஹ்ன்னு துஆ கேட்டுக்கிட்டுதான் வந்தேன்."

பஸ் நிக்கலன்னா அடுத்து வர்ற லிந்துலையில அவங்க பாட்டுக்கு இறங்கிப் போயிருப்பாங்க. நான் கேட்ட ஆள ஆண்டவர் முன்னாலயே அதே பஸ்ஸுல ஏத்தி வச்சிருக்கார். எனக்குத்தான் தெரியல.

அடுத்த வியாழக்கிழமையே போனோம். தாரணி மிஸ் சின்ன வயசுப் பொண்ணு. முதல் நாள் அவங்க சொன்னது இன்னும் மனசுல இருக்கு: "எஸ்தர் அடம் பிடிக்கல அக்கா. கேக்கத் தெரியாமதான் கத்துறா. கேக்குறதுக்கு ஒரு வழி கொடுப்போம்." சட்டி மூடி வேணும்னா எஸ்தர் மிஸ்ஸோட கையத் தொடணும். தொட்ட உடனே மூடி கெடைக்கும். பிடிக்காதத நீட்டினா உள்ளங்கையக் காட்டணும். காட்டினதும் நாம அத எடுத்திரணும். கூடவே நாம "வேணாம்"னு சொல்லிக் காட்டணும். அடிக்கவும் கூடாது, அதட்டவும் கூடாது. வீட்டுலயும் இத விடாம செய்யணும்னு எங்களுக்குச் சொல்லித் தந்தாங்க.

உடனே ஒண்ணும் நடக்கல. கார்த்திகை போச்சு, கிறிஸ்மஸ் போச்சு. சில நாள் வீட்டுக்கு வந்து, "ஆண்டவரே, இடத்தக் காட்டினீங்க, பலனக் காட்டலையே"ன்னு சண்டை போட்டேன். ஆனா என் வீட்டுக்காரர் விடல. எஸ்தருக்குப் பாவக்காய் ஆகவே ஆகாது. தினமும் சாப்பாட்டு நேரம் ஒரு துண்டு பாவக்காய நீட்டுவார். அவ தட்டி விடுவா. இவர் அவ கையப் பிடிச்சு உள்ளங்கைய விரிச்சுக் காட்டி, "வேணாமா? சரிம்மா, வேணாம்"னு எடுத்திருவார்.

மாசி மாசம் ஒரு சாயங்காலம். நான் அடுப்புக்கிட்ட ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன். இவர் வழக்கம்போல பாவக்காய நீட்டினார். எஸ்தர் கைய விரிச்சா. "வேணாம்"னா.

கணீர்னு சொன்னா. என் கையில இருந்த ரொட்டி அடுப்புல விழுந்திருச்சு. இவர் நம்ப முடியாம இன்னொரு தடவ நீட்டினார். "வேணாம்." மறுபடி நீட்டினார். "வேணாம், வேணாம்!" அவளுக்குக் கோவமே வந்திருச்சு. இவர் பாவக்காயக் கையில வச்சுக்கிட்டு சின்னப்பிள்ள மாதிரி அழுறார். பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆராதனை முடிஞ்சு பாஸ்டர் ஐயா ஆசீர்வதிக்க அவ தலையில கை வைக்கப் போனார். எஸ்தர் நிமிர்ந்து பார்த்து, "வேணாம்"னா. எனக்கு மண்ணுக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. ஐயா கைய எடுத்துட்டார். "சரிம்மா, நான் இங்க நின்னே ஜெபிக்கிறேன்"னு ரெண்டு எட்டு பின்னால போய் ஜெபிச்சார். நீங்க எல்லாரும் சேர்ந்து போட்ட ஆமென்ல அவ காதப் பொத்திக்கிட்டா.

எஸ்தர் முழுசா மாறிட்டான்னு நான் சொல்ல வரல. இன்னும் என்னை அம்மான்னு கூப்பிடல. ஆனா நான் உட்கார்ந்திருந்தா, முதுகுப் பக்கமா வந்து, தன் முதுக என் முதுகுல சாய்ச்சுக்கிட்டு உட்காருறா. மூஞ்சியப் பார்க்க மாட்டா. அந்தச் சூடு எனக்குப் போதும். நானும் மாறியிருக்கேன். பிள்ளைக் காம்பராவுல கத்துற பிள்ளையப் பார்த்தா, இது என்ன கேக்குதுன்னுதான் இப்ப முதல்ல யோசிக்கிறேன்.

இங்க இருக்குற அம்மாமார்ல யாருக்காவது இப்படி ஒரு பிள்ளை இருந்தா, வெட்கப்பட்டு வீட்டுக்குள்ள வைக்காதீங்க. ஜெபிங்க. ஜெபிச்சுட்டு வெளிய வாங்க. அவர் அனுப்புற ஆளு யாரா வேணும்னாலும் இருக்கலாம். வியாழக்கிழமை காலையில முதல் பஸ்ஸுல நாங்க ஹட்டன் போறோம். நீங்களும் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. பக்கத்து சீட்டுல நான் இருப்பேன்.