பின்னால் திரும்பிய காது

"இந்தக் காதைப் பாருங்க," என்று மரக் காண்டாமிருகத்தைத் தூக்கிக் காட்டினார் மரச்செதுக்குச் சங்கத் தலைவர் முனியாவோ. "ஒரு காது பின்னால திரும்பியிருக்கு. நம்ம கிமேயுவோட கை. அவரோட இதுவும் போச்சு."

"போகல," என்றாள் இறந்துபோன கிமேயுவின் மனைவி சியோம்புவா. "அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதுலேருந்து நான்தான் செதுக்கினேன்."

"அண்ணி, துக்கத்துல பேசுறீங்க. நீங்க உப்புத்தாள் தேய்ச்சீங்க."

"மரத்தடியில அவர் செதுக்குற வாச்சியோட உக்காந்திருந்ததைப் பாத்தீங்க. வீட்டுக்குள்ள யார் செதுக்கினாங்கன்னு பாத்தீங்களா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"உயிரோட இருந்த மனுசனைத் தலைகுனிய வச்சா சொல்லணும்?"

"சரிதான், நாளையிலேருந்து நாங்க உகாலிக் களி கிண்டுறோம்," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"கிண்டுங்க. தண்ணி கொதிச்சுதான்னு பாக்கவாவது தெரியுமா?"

எங்கள் கம்பா இனத்து ஊர்களில் ஆண் செதுக்குவான். பெண் தேய்த்து மெருகேற்றுவாள். பொம்மையின் வயிற்றில் பெயர் இருக்காது, சங்க உறுப்பினரின் எண் மட்டும் இருக்கும். எண் இல்லாவிட்டால் கடை அலமாரியில் இடமில்லை. கிமேயுவுக்கு மகன் இல்லை என்பதால் அவர் எண்ணைத் தம்பி முலெய்க்குக் கொடுத்துவிட்டார்கள். முலெய் செதுக்கும் காண்டாமிருகங்கள் பன்றிகளைப் போல இருக்கும். அவற்றைத்தான் சங்கக் கடையில் விற்பனைக்கு இருக்கும் என்னிடம் 'கிமேயு கை' என்று விற்கச் சொன்னார்கள். வெள்ளைக்காரர்கள் கேட்டால், கிழட்டு வேட்டைக்காரர் ஒருவர் செதுக்கியது என்று நான் சொல்ல வேண்டுமாம். கிமேயு ஆட்டுக்கடாவுக்கே ஒதுங்கிப் போவார்.

மறுநாள் காலை சியோம்புவா ஒரு மரக்கட்டையோடு வந்து, சங்க வாசலில், எல்லோர் கண்ணெதிரே அமர்ந்தாள். மாலைக்குள் ஒரு காண்டாமிருகம் எழுந்து நின்றது. ஒரு காது பின்னால் திரும்பியிருந்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

முனியாவோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புருசனைப் பாத்து நல்லாவே கத்துக்கிட்டீங்க. முலெய் எண்ணைப் போட்டு அலமாரியில வைங்க."

அவர் மட்டுமல்ல, அங்கிருந்த ஒருவர்கூட வெட்கப்படவில்லை. கண்ணால் பார்த்ததையும் எண்ணாக எழுதினால்தான் நம்புவார்கள் போலும்.

சியோம்புவா எண் போடவில்லை. அலமாரிப் பக்கமும் போகவில்லை. மரத்தூள் ஒட்டிய கையோடு கடைக்குள் வந்து, வயிற்றில் எண் இல்லாத அந்தக் காண்டாமிருகத்தை என் மேசையின் நடுவில் வைத்தாள்.

"நீ சுவாஹிலியும் இங்கிலீசும் படிச்சவ. எந்த மொழியில கேட்டாலும் சரி, இதைச் செஞ்சது யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லு, மகளே. விலையை அப்புறம் சொல்லிக்கலாம்."